பஃபூரி முக்கோணம்: நிலம் யாருக்கு, வருமானம் யாருக்கு, யானை யாருக்கு?

ஒரு நிலத்தைத் தங்கள் பூர்விக மண் என்று ஒரு சமூகம் கோருகிறது. அது சட்டப்படி அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா என்று அரசு மறுக்கிறது. அந்த மண்ணிலிருந்து வரக்கூடிய ராயல்டி யாருக்கு என்ற தகராறும் கூடவே சேர்ந்துகொள்கிறது. இந்த நிலையில், இரு தரப்பும் சேர்ந்து காட்டுயிரைக் காத்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வது என்ற ஏற்பாட்டால் இப்படிப்பட்ட வழக்கை உண்மையிலேயே முடிக்க முடியுமா, அல்லது அது மேடைப் பேச்சு மட்டுந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிக்க முடியும், முடித்தும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எந்த வரிசையில் முடித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் மகுலேகே சமூகம் 1998இல் செய்துகொண்ட உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ராயல்டி என்ற சொல்லுக்குச் சுரங்கத்தின் உரிமைத்தொகை என்பதே நேர்ப்பொருள் என்பதால், ஆஸ்திரேலியாவின் காக்கடு தேசியப் பூங்காவையும் பின்னால் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும்.

முதலில் இடம். குரூகர் பூங்காவின் வடகோடியில் லிம்போப்போ ஆறும் லுவுவு ஆறும் கூடுகின்றன. வடக்கே லிம்போப்போவைத் தாண்டினால் ஜிம்பாப்வே, கிழக்கே எல்லையைத் தாண்டினால் மொசாம்பிக். இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட, சுமார் 24,000 ஹெக்டேர் பரப்புள்ள நிலத்தைத்தான் பஃபூரி முக்கோணம் என்கிறார்கள். ஏறக்குறைய இருபது லட்சம் ஹெக்டேர் கொண்ட குரூகரில் இது நூற்றில் ஒரு பங்கு சொச்சந்தான். ஆனாலும் பூங்காவின் மற்ற பகுதிகளில் அரிதாகவே காணக்கூடிய பறவைகளும் மரங்களும் இங்கே நெருங்கி வாழ்கின்றன. ஆற்றோரச் சமவெளியில், மஞ்சளும் பச்சையும் கலந்த வழவழப்பான பட்டையுடன் ஒருவகை வேலமரங்கள் தோப்பாக நிற்கின்றன. மேட்டு நிலத்தில் பருத்த பொந்தன்புளி மரங்களும், புதரோரங்களில் நியாலா மான்களும், ஆற்றின் மேல் சாய்ந்த கிளைகளில் மீன் பிடிக்கும் பெரிய ஆந்தைகளும் உண்டு. இயற்கை ஆர்வலர்கள் இந்த இடத்தைப் பூங்காவுடன் சேர்த்துவிட வேண்டும் என்று பல பத்தாண்டுகள் துடித்ததற்குக் காரணம் இதுதான். சோங்கா மொழி பேசும் மகுலேகே மக்கள் அங்கே மீன் பிடித்து, ஆற்றுப் படுகையில் பயிர் செய்து, மாடு மேய்த்து வாழ்ந்ததற்கும் இதே வளமே காரணம்.

1969இல் நிறவெறி அரசு அவர்களை வெளியேற்றியது. ஏறத்தாழ மூவாயிரம் பேர். ஆயுதம் தாங்கியவர்கள் முன்னிலையில் தங்கள் வீடுகளுக்குத் தாங்களே தீ வைக்க வேண்டியிருந்தது என்பதை அந்தத் தலைமுறையினர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கூரைக்கு மண்ணிலிருந்தும் புல்லிலிருந்தும் பொருள் சேர்த்து, தன் கையால் வேய்ந்த ஒருவர், அதன் இறவாணத்தில் தன் கையாலேயே நெருப்பைச் செருகுவதை நினைத்துப் பார்த்தால்தான், பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் 'நட்டஈடு வாங்கிக்கொள்ளுங்கள்' என்ற யோசனை ஏன் எடுபடவில்லை என்பது புரியும். அவர்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் தெற்கே, பூங்கா வேலிக்கு மேற்கில் இருந்த இன்ட்லாவேனி என்ற வறண்ட பகுதி. அது கசான்குலு என்ற, சோங்கா இனத்தவருக்கென்று அரசு ஒதுக்கிய தாயகப் பகுதிக்குள் அடங்கியது. அங்கே மகுலேகே தலைவர் தனித் தலைவர் என்ற நிலையை இழந்து, மிங்கா என்ற வேறொரு தலைவருக்குக் கீழ்ப்பட்டவராக்கப்பட்டார். ஆகவே பறிபோனது நிலம் மட்டுமல்ல, தலைமை உரிமையும் போனது. இந்த இரண்டாவது காயம் நிலத் தீர்வால் தானாக ஆறிவிடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1994இல் ஜனநாயக அரசு வந்ததும் நில உரிமை மீட்புச் சட்டம் நிறைவேறியது. 1913 ஜூன் 19ஆம் தேதிக்குப் பிறகு இனப் பாகுபாட்டுச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம் என்று அது வழி திறந்தது. அந்தத் தேதி கறுப்பின மக்களின் நில உரிமையை ஒடுக்கிய 1913ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். மகுலேகே மக்கள் 1995 இறுதியில் தங்கள் கோரிக்கையைப் பதிவு செய்தார்கள். பூங்கா நிர்வாகம் முதலில் கடுமையாக எதிர்த்தது. ஒரு மூலையைக் கொடுத்தால் எல்லா மூலைகளிலிருந்தும் கோரிக்கை வரும், நாட்டின் முதன்மைப் பூங்காவே துண்டு துண்டாகிவிடும் என்ற அச்சம் அதற்கு. அதே காலத்தில் அந்த ஆற்றோரத்தில் வைரம் தேடுவதற்கான முயற்சிகளும் நடந்துகொண்டிருந்தன. நிலத்தைத் திரும்பப் பெற்ற சமூகம் அதைச் சுரங்கத்துக்குக் கொடுத்து ராயல்டி வாங்கப் போகிறதா, யானைக்கு விட்டுவைக்கப் போகிறதா என்பதே பூங்காவின் உண்மையான கவலையாக இருந்தது.

இந்த இடத்தில் சமூகத்தின் பேச்சாளர்கள் எடுத்த நிலைப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். காடு அழிய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, காட்டின் உரிமையாளர்களாக நாங்கள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம் என்று அவர்கள் தொடக்கத்திலேயே இரண்டையும் பிரித்துவிட்டார்கள். எதிர்த் தரப்பின் முக்கியமான அச்சத்தை அதன் மூலம் எடுத்துவிட்டதால், உரிமை என்ற கேள்வியில் அவர்கள் ஒரு அடியும் பின்வாங்க வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து சட்ட, பொருளாதார ஆலோசகர்களும் ஜெர்மன் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமும் துணை நின்றது அவர்களுக்குப் பெரிய பலம். 1998 மே 30இல் உடன்படிக்கை கையெழுத்தானது. அதே ஆண்டு டிசம்பரில் நில உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் அதைத் தன் ஆணையாக்கியது.

உடன்படிக்கையின் உள்ளடக்கத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டா முழுமையாக மகுலேகே சமூகத்துக்கு மாறியது. அதைத் தனிநபர்கள் பெயரிலோ தலைவர் பெயரிலோ எழுதாமல், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான பொதுச் சொத்துச் சங்கம் ஒன்றின் பெயரில் எழுதினார்கள். சங்கத்தின் செயற்குழுவைச் சமூகத்தினர் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தலைவருக்குப் பதவி வழியாக ஓர் இடம் உண்டு. பட்டாவைப் பெற்றுக்கொண்ட அதே கையால், அந்த நிலத்தைத் தேசியப் பூங்காவின் பகுதியாகவே 50 ஆண்டுகள் வைத்திருக்கச் சமூகம் ஒப்புக்கொண்டது. 25 ஆண்டு கழித்து ஏற்பாட்டை மறுபரிசீலனை செய்யலாம். சுரங்கம் தோண்டக்கூடாது, கனிமம் தேடவும் கூடாது. விவசாயமும் குடியிருப்பும் கிடையாது. காட்டுயிர்ப் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்த வணிகத்துக்கும் மட்டுமே நிலம் பயன்படும். மேலாண்மைக்கு ஒரு கூட்டு வாரியம் உண்டு. அதில் சமூகத்துக்கும் பூங்காவுக்கும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகள், ஒரு மேசையின் இரு பக்கமும் மூவர் மூவராக அமர்வார்கள். காவல், தீத்தடுப்பு, விலங்குக் கணக்கெடுப்பு போன்ற அன்றாட வேலைகளை வாரியம் ஏற்ற திட்டப்படி பூங்கா ஊழியர்கள் செய்வார்கள். விடுதி கட்டவும் சுற்றுலா நடத்தவும் உள்ள வணிக உரிமை முழுவதும் சமூகத்தினுடையது.

இந்த ஏற்பாட்டைப் பலர் சமரசம் என்று சொல்லிக் கடந்து போகிறார்கள். அந்தச் சொல் போதாது என்பது என் கருத்து. சமரசத்தில் இரு தரப்பும் உரிமையில் பாதியை விட்டுக்கொடுக்கும். இங்கே உரிமை ஒரு பக்கமாக, முழுமையாகத் தீர்ந்துவிட்டது. பயன்பாடு மட்டுமே பேச்சுக்கு வந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி திறந்தே கிடக்கும்போது கூட்டுப் பாதுகாப்பு பற்றிப் பேசினால், பலமுள்ள தரப்பு காலத்தை இழுத்தடிக்க அந்தப் பேச்சு உதவுமே தவிர வேறு பயன் இல்லை. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது வருமானம். சமூகம் தன் நிலத்தில் விடுதி நடத்தத் தனியார் நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் கொடுத்தது. 2000களின் முதல் பாதியில் லுவுவு ஆற்றைப் பார்த்தபடி விடுதிகள் எழுந்தன. காட்டு வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும் முகாம் ஒன்றும் வந்தது. இந்த ஒப்பந்தங்களில் சமூகத்தின் பங்கை நிறுவனத்தின் லாபத்தில் கணக்கிடாமல் மொத்த விற்றுவரவில் ஒரு விழுக்காடாக வைத்ததுதான் நுட்பமான காரியம். நம் பக்கத்து வார முறையை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். களத்தில் நெல் தூற்றி அம்பாரம் குவித்த இடத்திலேயே நிலக்காரரின் பங்கான மேல்வாரம் அளந்து எடுக்கப்படும். விதைக்கு இவ்வளவு ஆயிற்று, ஏருக்கு இவ்வளவு ஆயிற்று என்று செலவு கழித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. லாபத்தில் பங்கு என்று எழுதினால், தலைமை அலுவலகச் செலவு, கடன் வட்டி, விளம்பரம், தேய்மானம் என்று கழித்துக்கொண்டே போய் ஆண்டு முடிவில் லாபமே இல்லை என்று கணக்குக் காட்டிவிடலாம். அதை மறுத்துப் பேசக் கிராமத்துச் சங்கத்திடம் கணக்காயர் படை இருக்காது. விற்றுவரவில் பங்கு என்றால் எத்தனை பேர் தங்கினார்கள், என்ன கட்டணம் வாங்கினார்கள் என்ற இரண்டு எண்கள் போதும். அறைகளைச் சுத்தம் செய்யும் ஊர்ப்பெண்ணுக்கே முதல் எண் தெரிந்திருக்கும். ராயல்டித் தகராறுகளில் பாதிக்கு மேல் எதன் மீது விழுக்காடு என்ற இந்த ஒரு வரியைச் சரியாக எழுதாததால் வருபவை என்று துணிந்து சொல்வேன்.

வேட்டை பற்றியும் சொல்லியாக வேண்டும். விடுதிகள் எழுந்து பணம் வருவதற்கு முந்தைய இடைக்காலத்தில், சமூகம் தன் நிலத்தில் மிகச் சில யானைகளையும் காட்டெருமைகளையும் கட்டண வேட்டைக்கு விட்டது. தேசியப் பூங்காவுக்குள் வேட்டையா என்று கூக்குரல் எழுந்தது. பூங்கா நிர்வாகத்துக்கும் சங்கடம். சொந்த நிலத்தில் நீடித்த பயன்பாடு எங்கள் உரிமை, ஒப்பந்தம் அதைத் தடுக்கவில்லை என்று சமூகம் நின்றது. விலங்குகளைச் சுடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அந்தப் பணத்தைத் தேவைக்கு எடுத்துக்கொண்ட ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின் இணைப்புக்கும் பள்ளிக் கட்டடங்களுக்கும் அவர்கள் காத்திருந்த காலம் அது. பிறகு, துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இடத்தில் படம் பிடிக்க வரும் பயணி தங்கமாட்டார் என்ற வணிகக் கணக்கே வேட்டைக்கு முடிவு கட்டியது. வெளியிலிருந்து வந்த கண்டனத்தால் சாதிக்க முடியாததை விடுதி ஒப்பந்தம் சாதித்தது.

இப்போது தலைமைத் தகராறு. நிலம் திரும்பியதும் பழைய தலைவரின் தகுதியும் திரும்ப வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. மிங்கா தரப்பு இசையவில்லை. பாதுகாப்பு உடன்படிக்கை இதைத் தீர்க்கவில்லை, தீர்த்திருக்கவும் முடியாது. ஆனால் பட்டா சங்கத்தின் பெயரில் இருந்ததால், யார் பெரிய தலைவர் என்ற வழக்கு வருமானத்தை முடக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் வேறு பல இடங்களில் நிலம் மீண்ட பிறகு, தலைவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கத்துக்கும் இடையே மூண்ட சண்டையில் சங்கமே செயலற்றுப் போயிருக்கிறது. மகுலேகேயில் தலைவருக்குச் செயற்குழுவில் ஓர் இடம் கொடுத்து, ஆனால் முடிவை வாக்கில் வைத்தது, சிறிய விஷயம் போலத் தெரிந்தாலும் தூண் போன்றது. உங்கள் வழக்கிலும் பரம்பரைத் தலைமை என்ற கேள்வி இருக்குமானால், அதைப் பூங்கா ஒப்பந்தத்துக்குள் இழுக்காமல் தனியே வைத்துவிடுங்கள்.

குறைகளை மறைத்தால் பதில் நேர்மையாக இருக்காது. மூன்று ஊர்களில் வாழும் பல்லாயிரம் பேருக்குச் சில விடுதிகள் கொடுக்கும் வேலை சொற்பம். வெள்ளம் வந்தால் அந்த வேலையும் நின்றுவிடும். 2013 ஜனவரியில் லுவுவு பெருகியபோது ஆற்றங்கரை விடுதி சிதைந்தது, பின்னர் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றது. வேலி தாண்டி வரும் யானை சோளக்கொல்லையை அழித்தால், அந்தக் கொல்லைக்காரருக்குத் தான் யானையின் பங்குதாரர் என்ற எண்ணம் வருமா? காட்டெருமையிடமிருந்து மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவும் அச்சத்தால் குரூகரை ஒட்டிய ஊர்களில் கால்நடை விற்பனைக்கும் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அந்த இழப்பு எந்த வருமானப் பங்கீட்டிலும் கணக்காகாது. இன்னொன்று, 2002 டிசம்பரில் மூன்று நாடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 35,000 சதுர கிலோமீட்டரில் எல்லை தாண்டிய பூங்காவை அறிவித்தபோது, அதன் கீல் போன்ற இடத்தில் இருந்தது மகுலேகே நிலம். ஜனாதிபதிகள் கையெழுத்திடும் மட்டத்தில் ஒரு கிராமச் சங்கத்தின் குரல் எவ்வளவு கேட்கும் என்ற கவலை நியாயமானது. 2007இல் அங்குள்ள நீர்நிலைகள், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது பெருமைதான், ஆனால் அதுவும் நிலத்தின் பயன்பாட்டின் மீது இன்னுமொரு கட்டுப்பாடு.

இந்த முன்மாதிரி பரவாமல் போனதையும் சொல்ல வேண்டும். குரூகரின் மற்றப் பகுதிகள் மீதான கோரிக்கைகளில் நிலத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக வேறு வகையில் ஈடு செய்வது என்று 2008இல் அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்தது. காரணம், மகுலேகே தோற்றதல்ல. 1998இல் பூங்கா அஞ்சிய அதே அச்சம், பத்தாண்டு கழித்து அமைச்சரவையில் வென்றுவிட்டது. கலஹாரிப் பாலைவனத்தில் மட்டும் வேறொரு நல்ல காரியம் நடந்தது. அங்கே கோமானி சான் மக்களும் மியர் சமூகத்தினரும் ஒரே நிலப்பரப்பில் உரிமை கோரிய இரு தரப்புகள். இருவருக்கும் அங்குள்ள தேசியப் பூங்காவுக்குள் தலா சுமார் 25,000 ஹெக்டேர் ஒதுக்கி, இருவரும் கூட்டாக உரிமை கொண்ட ஒரு விடுதியையும் கட்டினார்கள். எதிரெதிராக நின்ற இரண்டு சமூகங்களுக்கு ஒரே கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தது அந்த விடுதி.

இனி சுரங்க ராயல்டி. ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் உள்ள காக்கடுவில் நிலத்தின் ஒரு பகுதி முதலில் பழங்குடி உரிமையாளர்களுக்குத் திரும்பி, அவர்கள் அதைப் பூங்காவுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். 1979இல் பூங்கா அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த மேலாண்மை வாரியத்தில் பழங்குடியினரே பெரும்பான்மை. ஆனால் ரேஞ்சர் யுரேனியச் சுரங்கத்துக்கு மட்டும் உரிமையாளர்களின் மறுப்புரிமையைச் சட்டமே பறித்துக்கொண்டது. விற்பனையில் 4.25 விழுக்காடு பழங்குடித் தரப்புக்கு ராயல்டியாக வந்தது. அதைச் சட்டம் பிரித்த விதம் தனிப் பாடம். நாற்பது விழுக்காடு பழங்குடியினரின் நில உரிமைகளைக் கவனிக்கும் நில மன்றங்களுக்கு, முப்பது விழுக்காடு பாதிக்கப்பட்ட பகுதியின் சங்கங்களுக்கு, மீதி அந்த ஆட்சிப்பகுதியின் மற்றப் பழங்குடியினருக்கு. பணம் வந்தது, மனக்கசப்பும் வந்தது. பாதிக்கப்பட்டவர் யார் என்ற வரையறையே புதிய சண்டையாயிற்று. அதே காக்கடுவின் நடுவே கூங்காரா என்ற, 1,228 ஹெக்டேர் கொண்ட யுரேனிய நிலம் பூங்காவுக்கு வெளியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் மூத்த பாதுகாவலரான ஜோக் குலத்து ஜெஃப்ரி லீ, பிரெஞ்சு நிறுவனமான அரேவா தோண்ட விரும்பிய அந்த மண்ணை விற்க மறுத்தார். பெரும் பணத்தைக் கைவிட்டு, நிலத்தைப் பூங்காவுடன் சேர்க்கும்படி அவரே கேட்டார். 2011இல் அது உலகப் பாரம்பரியப் பகுதியிலும் 2013இல் தேசியப் பூங்காவிலும் சேர்ந்தது. இந்த ஒரு முடிவைப் பற்றிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் என் மனம் நெகிழ்கிறது. இல்லை என்று சொல்லும் அதிகாரம் கையில் இருந்தவரிடமிருந்து வந்த கொடை அது. ரேஞ்சரில் அந்த அதிகாரம் உரிமையாளர்களுக்கு மறுக்கப்பட்டதால்தான் அங்கே கிடைத்த ராயல்டி அமைதியைக் கொண்டுவரவில்லை.

உங்கள் வழக்கில் வரைவு ஒப்பந்தம் கைக்கு வரும்போது முதலில் மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். பட்டா யார் பெயரில், எந்தத் தேதியில் மாறுகிறது. பாதுகாப்பு ஏற்பாடு தொடங்குவதற்கு முன்பா, பின்பா? பங்கு எதன் மீது கணக்கிடப்படுகிறது, கணக்கைப் பார்க்கும் உரிமை சங்கத்துக்கு உண்டா? வாரியத்தில் இரு தரப்பும் சமமாகப் பிரிந்து நின்றால் முடிவெடுப்பது யார்? யானை தாண்டி வரும் வயலுக்கு இழப்பீடு யார் கொடுப்பது என்ற பிரிவு இல்லையென்றால், அதைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மகுலேகே மக்களுக்குக் கிடைத்த மற்றொன்றையும் விட்டுவிடாதீர்கள். தங்கள் முன்னோர் புதைந்த இடங்களுக்கு அவர்கள் பூங்காவின் விருந்தினராக இல்லாமல் நிலத்தின் சொந்தக்காரர்களாகவே போய்வருகிறார்கள்.

ஐம்பது ஆண்டு ஒப்பந்தம் 2048இல் முடிகிறது. 1969இல் தன் கூரைக்குத் தானே தீ வைத்தவர்களில் அன்று எவரும் இருக்கப்போவதில்லை. பஃபூரியில் ஒருநாளும் குடியிருந்திராத, விடுதி வரவில் படித்து வளர்ந்த பேரப்பிள்ளைகள்தான் அந்த மேசையின் ஒரு பக்கம் மூவராக அமர்ந்து, இன்னும் ஐம்பது ஆண்டா, வேறொன்றா என்று பேசுவார்கள்.